முட்டை ஓட்டைத் திருப்பி அனுப்பவும்

தொண்டாமுத்தூர்,
5-8-1959

என் தம்பி கோபாலசாமிக்கு அக்கா பங்காரம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் ஆறு மாடும் பதினோரு கோழியும் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரி கோமளாவின் சுகத்தையும் எழுது.

போன வாரம் சிங்காநல்லூர் வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உன் மாமாவுக்கு ஒரே பேச்சு. "ஏனம்மிணி, கட்டில்ல படுத்திருந்தது உன்ற தம்பியா, இல்லெ யாராச்சும் வேட்டியைக் காயப்போட்டிருந்தாங்களா?" என்கிறார். நானும் சேர்ந்து சிரித்துப்போட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதது அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

டைபாய்டு ஒரு தடவை வந்தாலே ஆளை உரித்துவிடும். உனக்கு விட்டுவிட்டு இரண்டு தடவை. நூற்றுப் பதினெட்டு ராத்தல் இருந்தவன் எண்பத்து நாலில் வந்து நிற்கிறாய். மில் டாக்டர் சொன்னதைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்து அவர் உன்னைத் திரும்பப் பார்ப்பார். நூற்றைந்து ராத்தல் இருக்க வேண்டும். அவர் கண் முன்னால் பஞ்சு மூட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றும் நடந்தால் உன் இடம் உனக்கு. நடக்காவிட்டால் உனக்குப் பதிலியாக நிற்கிறானே ஈஸ்வரமூர்த்தி, அவனுக்கு அது நிரந்தரமாகிவிடும். பதினாறு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்று சம்பாதித்த இடம் அது. விட்டுவிடாதே கண்ணு.

கோட்டைமேட்டு நசுருதீன் பாய் வாராவாரம் நம் தோப்புக்குத் தேங்காய் எடுக்க வருகிறார். அவர் லாரியில் கூடை வரும். இருபத்தொரு முட்டை, ஒரு படி வறுத்த நிலக்கடலை, கம்பு மாவு, எள்ளுருண்டை, நெய். நாளைக்கு மூன்று முட்டை. வேகவைத்துத் தின்.

முட்டை ஓட்டையெல்லாம் ஒன்று விடாமல் அதே கூடையில் திருப்பி அனுப்பவும். ரோஜாச் செடிக்கு உரம். வேறு காரணம் இல்லை. சரி, இருக்கிறது. நீ தின்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா,
பங்காரம்மா

●

சிங்காநல்லூர்,
14-8-1959

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் கூடையும் வந்து சேர்ந்தன. நானும் கோமளாவும் நலம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

நீ சொன்னபடி தின்கிறேன். எடை எண்பத்தாறு. ஆனால் கடலையும் கம்பும் நிறையத் தின்ன முடியவில்லை. இரண்டு வாய்க்கு மேல் வயிறு கல்லாகிவிடுகிறது. அதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஈஸ்வரமூர்த்தி ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். புரோட்டீன் பவுடர். இரண்டு கரண்டித் தூளைப் பாலில் போட்டு, மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிக் குடிக்க வேண்டும். சதை பிடிக்குமாம். காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்குப் பெரிய டாக்டர்கள் இதைத்தான் கொடுக்கிறார்களாம்.

ஓடுகளை அனுப்பியிருக்கிறேன். எண்ணிக்கொள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி கோபாலசாமி

●

தொண்டாமுத்தூர்,
22-8-1959

'அன்புள்ள அக்கா அவர்கள்' எழுதிக்கொள்வது. அவர்கள் சுகம். அவர்களுடைய முழங்கால்தான் கொஞ்சம் வலிக்கிறது.

என்னடா தம்பி இது? நாற்பத்தாறு வயசில் எனக்கு ஒரு 'அவர்கள்' கிடைத்திருக்கிறது. முதலில் 'தங்கள்' என்கிறாய், நாலு வரி போனதும் 'நீ' என்கிறாய். எழுத்தோ முத்து முத்தாக இருக்கிறது. அஞ்சாங் கிளாசில் நீ எழுதின 'ழ'வைப் பார்த்துவிட்டு வாத்தியார், "இது எழுத்தா, நசுங்குன பல்லியாடா?" என்று கேட்டது ஊருக்கே தெரியும். டைபாய்டு போகும்போது கையெழுத்தைக் கொடுத்துவிட்டுப் போகுமா? அப்படியென்றால் எனக்கும் ஒரு தடவை வரட்டும்.

அது கிடக்கட்டும். அந்த டப்பா விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துப் பார். உன் எடை ஏறினால் யார் வெளியே போக வேண்டும்? ஈஸ்வரமூர்த்தி. ஏறாவிட்டால் யாருக்கு லாபம்? ஈஸ்வரமூர்த்திக்கு. அப்படிப்பட்டவன் எதற்காகக் கைக்காசு போட்டு உனக்குச் சத்து வாங்கித் தருகிறான்? ஒரு காளையை அடிமாட்டு விலைக்கு வாங்க நினைக்கிறவன் அந்தக் காளைக்கே தவிடு வைப்பானா? உன் மாமாவிடம் கேட்டேன். "அம்மிணி, நல்ல மனுசனா இருக்கலாமல்லோ?" என்றார். அவருக்கு எல்லாரும் நல்ல மனுசர்தான். அதனால்தான் இரண்டு தடவை கிழட்டு மாட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தத் தூள் எதில் செய்தது? யார் செய்தது? டப்பாவைப் பார்த்து எழுது. காலியானதும் டப்பாவைக் கூடையில் போட்டு அனுப்பு. நான் மோந்து பார்க்க வேண்டும்.

சந்தேகத்துடன்,
அக்கா

●

சிங்காநல்லூர்,
9-9-1959

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை 'அவர்கள்' இல்லை. நாங்கள் இருவரும் நலம். உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவவும் என்று கோமளா சொல்லச் சொன்னாள்.

படுத்தே கிடப்பதால் பொழுது போகாமல் எழுதிப் பழகினேன். அதனால் எழுத்து திருந்திவிட்டது.

டப்பாவில் போட்டிருப்பது இது: நிலக்கடலையிலிருந்து எடுத்த புரதம், பால் தூள், மால்ட்டு, கொஞ்சம் சர்க்கரை. பச்சை டப்பா. மேலே ஒரு ஆள் புஜத்தை மடக்கிக் காட்டுகிறான். காலி டப்பா இத்துடன் வருகிறது.

எடை தொண்ணூறு. ஒரு மாதத்தில் ஆறு ராத்தல்.

ஈஸ்வரமூர்த்தியைப் பற்றி நீ எழுதியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். அவன் நல்லவன். இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். ரொம்ப நல்லவன் என்று சொல்ல முடியாது. ஏதோ, இருக்கிறான்.

அன்புடன்,
கோபாலசாமி

●

தொண்டாமுத்தூர்,
20-9-1959

தம்பி கோபாலசாமிக்கு அக்கா. எல்லோரும் சுகம். சேவல்தான் கொஞ்சம் அதிக சுகமாக இருக்கிறது. காரணம் கீழே.

நிலக்கடலைத் தூளா! உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த கன்று அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. என் காட்டில் விளைகிற கடலையை வறுத்து, இடித்து, ஒரு டப்பாவில் போட்டு, புஜத்தை மடக்கின ஆள் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் அது பவுடர். மூட்டையில் வந்தால் அது வெறும் கடலை, உன் வயிற்றில் கல்லாகிவிடும்! அடுத்த வாரம் உன் மாமாவைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடலை மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைக்கிறேன். பார்த்துக்கொண்டே தின்.

டப்பாவை மோந்து பார்த்தேன். பால் வாசம், அடியில் ஏதோ மருந்து வாசம். ஒட்டியிருந்த தூளைச் சுரண்டிச் சேவலுக்குப் போட்டேன். சாகவில்லை. பத்து நாளாக வழக்கத்துக்கு மேல் கூவுகிறது. பக்கத்துக் காட்டு வள்ளியாத்தாள், "ஏனக்கா, உங்க சேவலுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆகவே விஷம் இல்லை. அந்த மட்டும் சரி.

ஆனால் ஓடுகள் சரியில்லை. நான் சும்மா கேட்கிறேன் என்று நினைத்தாயா? வாராவாரம் தாழ்வாரத்தில் பரப்பி வைத்துப் பார்க்கிறேன். வேகவைத்து உரித்த ஓடு நொறுங்கியிருக்கும், உள்ளே தோல் ஒட்டியிருக்கும். அப்படிப் பதினாலுதான். மீதி ஏழும் முழுசு. தலையில் ஒரு பொத்தல், அவ்வளவுதான். பச்சையாக உறிஞ்சிக் குடித்த முட்டை!

ஆறு வயசில் அம்மா உன் வாயில் ஒரு பச்சை முட்டையை ஊற்றினாள். மூன்று நாள் வாந்தி எடுத்தாய். அப்புறம் பச்சை முட்டை உடைக்கிற இடத்திலிருந்துகூட எழுந்து ஓடுவாய். உன் வீட்டில் பச்சை முட்டை குடிப்பது யார்? கோமளாவா? அவள் முட்டையே தொடமாட்டாள். வேறு யார் வருகிறார்கள்?

பதில் சீக்கிரம் வேண்டும்.

அக்கா

●

சிங்காநல்லூர்,
2-10-1959

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலத்துக்கு அடையாளமாக எடை தொண்ணூற்றைந்து.

பச்சை முட்டையைக் குடிப்பது நான்தான். காய்ச்சலுக்குப் பிறகு நாக்கு மாறிவிட்டது. முன்பு பிடிக்காதது இப்போது பிடிக்கிறது. விடியற்காலையில் ஒன்று குடித்தால் நாள் முழுவதும் தெம்பாக இருக்கிறது, பசியே தெரிவதில்லை.

சேவலைக் கேட்டதாகச் சொல்லவும்.

கோபாலசாமி

●

தொண்டாமுத்தூர்,
11-10-1959

தம்பிக்கு அக்கா எழுதுவது. ஊரில் எல்லோரும் சுகம், வாழைக் காட்டைத் தவிர. போன வாரம் யானை இறங்கி முப்பது மரத்தை முறித்துப்போட்டது. அதனால் இந்தக் கூடையில் பழம் இல்லை.

நீ பொய் எழுதுகிறாய். விடியற்காலையில் குடித்தால் நாள் முழுவதும் பசி தெரிவதில்லையா? பசி தெரியாமல் இருக்க நினைக்கிறவன் யார்? எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவன். கட்டிலில் படுத்திருக்கிற உனக்கு எதற்கு?

நான் கண்டுபிடித்துவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் ஈஸ்வரமூர்த்தி உன் வீட்டுக்குள் வருகிறான். நான் கோழிக்குத் தீனி போட்டுப் பொறுக்கிச் சேர்க்கிற முட்டையை அவன் குடிக்கிறான். நீ அவன் டப்பாத் தூளைக் குடிக்கிறாய். நல்ல பண்டமாற்று. உனக்கு எடை ஏறுகிறதென்று குதிக்கிறாயே, அது சதையா என்று கையை மடக்கிப் பார்த்தாயா? காய்ச்சல்காரன் உடம்பு நீர் கோத்துக்கொண்டு ஊதும். தராசு அதையும் சேர்த்துத்தான் நிறுக்கும். பஞ்சு மூட்டை அப்படியில்லை. தை மாதம் அதை நீ தூக்க முடியாமல் நிற்கும்போது, என் தம்பி சம்பாதித்த இடத்தில் என் முட்டையைக் குடித்து வளர்ந்த உடம்போடு அவன் போய் நிற்பான்.

மூன்று வருஷம் மில் கேட்டில் பதிலிக்காக நின்றவன் அவன். யார் விழுவார், எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதானே அந்த வேலை? நீ விழுந்தாய். இனி நீ எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு. பிணத்துக்குக் காத்திருக்கிற ஆள் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாள் நம் அம்மா.

டப்பாவைத் தூக்கி எறி. அவனை வாசலோடு நிறுத்து. கூடையில் வருவதை மட்டும் தின்.

பங்காரம்மா

●

தொண்டாமுத்தூர்,
14-11-1959

தம்பி கோபாலசாமிக்கு,

ஐந்து வாரமாகிறது. பதில் இல்லை. தீபாவளிக்கு அனுப்பிய வேட்டி வந்ததா என்றுகூட ஒரு கார்டு இல்லை. முதல் இரண்டு வாரம், கோபித்துக்கொண்டாய் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயசிலும் உனக்குக் கோபம் வந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய், பசி வந்ததும் வந்துவிடுவாய்.

இத்தனை வாரமும் கூடையும் திரும்பவில்லை, நேற்றுதான் வந்தது. ஓடு இல்லை. போட்டு அனுப்பிய முட்டை அப்படியே இருந்தது. இருபத்தொன்றும்.

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. திட்டியாவது ஒரு வரி எழுது. வரும் வாரம் பாயை வாசலோடு திரும்ப வேண்டாம், உள்ளே போய் உன்னைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

●

தொண்டாமுத்தூர்,
24-11-1959

சிங்காநல்லூர் மில் கேட்டில் இருக்கும் தம்பி ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு, தொண்டாமுத்தூர் பங்காரம்மா எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமா? இதை நான் முன்னமே கேட்டிருக்க வேண்டும்.

நசுருதீன் பாய் நேற்று வந்து சொன்னார். வெற்றிலையைக்கூட வாயில் போடாமல் நின்றுகொண்டே சொன்னார். "அம்மிணி, உங்க தம்பிக்குக் காய்ச்சலுக்கப்புறம் கை நடுங்குதுங்க. டம்ளர் புடிச்சாத் தண்ணி சிந்துது. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாமுங்க. உங்க காயிதத்தையெல்லாம் உக்காந்து படிச்சுக் காட்டுனது அந்தப் பதிலிக்காரத் தம்பிதானுங்க. பதில் எழுதுனதும் அவருதானுங்க."

நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடிமாடு, தவிடு, பிணம் என்று ஒன்று விடாமல் உங்கள் வாயாலேயே படிக்க வைத்திருக்கிறேன். கடைசிக் கடிதத்தையும் முழுக்கப் படித்தீர்களாம். என் தம்பி, "போதுமப்பா, நிறுத்து" என்று சொன்னானாம். நீங்கள் நிறுத்தவில்லையாம். முடிவில் 'பங்காரம்மா' என்பதையும் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனவர்தானாம். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லையாம்.

அவன் அன்றைக்கே பவுடரையும் விட்டுவிட்டான், முட்டையையும் விட்டுவிட்டான். தொண்ணூற்றாறுக்கு ஏறினவன் தொண்ணூற்றொன்றில் நிற்கிறான். எனக்கு எழுத அவனுக்குக் கை இல்லை, கோமளாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேறு யாரையும் எழுதச் சொல்லவும் மாட்டான். கை நடுக்கம் மில்லுக்குத் தெரிந்தால் எடை ஏறியும் பிரயோசனமில்லை. என்னிடம் மறைத்ததும் அதனால்தான். எனக்குத் தெரிந்தால் தொண்டாமுத்தூருக்குத் தெரியும், தொண்டாமுத்தூருக்குத் தெரிந்தால் லாரிக்காரருக்குத் தெரியும். என் தம்பி என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறான்.

ஏனுங்க தம்பி, என்னை நீங்கள் திட்டி எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் அவன் வீட்டுக்குத் திரும்பப் போங்கள்.

பங்காரம்மா

●

சிங்காநல்லூர்,
3-12-1959

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு ஈஸ்வரமூர்த்தி வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? (எனக்குத் தெரியும். நான்தானே படித்தேன்.)

திட்ட வரவில்லைங்க. தங்கள் கடிதங்கள் வந்தால் எங்கள் இருவருக்கும் கொண்டாட்டம். சேவல் கடிதத்தைப் படித்த அன்று உங்கள் தம்பி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கோமளா அக்கா என்னைத்தான் திட்டினார்கள். 'ஈஸ்வரமூர்த்தி நல்லவன்' என்று அவர் சொன்னதை நானே எழுத வேண்டி வந்தது. வெட்கமாக இருந்தது. 'ரொம்ப நல்லவன் என்று சொல்ல முடியாது' என்பதை நானாகச் சேர்த்தேன்.

கடைசிக் கடிதத்துக்காக நான் வராமல் இருந்தது கோபத்தால் இல்லைங்க. அதில் பாதி உண்மையாக இருந்தது. அதனால்தான்.

பல்லடத்திலிருந்து வந்து மூன்று வருஷம் கேட்டில் நின்றேன். மாதத்தில் எட்டு நாள், பத்து நாள் வேலை கிடைக்கும். உங்கள் தம்பி மயங்கி விழுந்த அன்று மேஸ்திரி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தூக்கிக்கொண்டு போகிற அவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். மனசில் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு மாதம் கழித்து ஒருவர் அதைக் கடிதத்தில் எழுதி, அதை நானே சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது.

முதல் முழு மாதச் சம்பளம் கைக்கு வந்தது. அதில்தான் அந்த டப்பா வாங்கினேன். மனசைக் கழுவிக்கொள்ளத்தான் வாங்கினேன், நல்லவன் என்பதால் இல்லை. அதைக் கொண்டுபோனால் உங்கள் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ என்னை விட ஈர்க்குச்சியா இருக்கறயே. நீ விழுந்தா மேஸ்திரி அவரோட ஆளைக் கொண்டுவந்து வெச்சுப்போடுவாரு, அப்புறம் ரெண்டு பேருக்கும் இல்லை. தெனமும் ஒரு முட்டையைக் குடி, நான் பவுடரைக் குடிக்கறேன்" என்றார். வேகவைக்க நேரம் இருக்காது, ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிடுவார்கள். பொத்தல் போட்டு உறிஞ்சிவிட்டு ஓடுவேன். ஓட்டைத் தூர எறிந்திருக்கலாம். எண்ணிக்கை குறைந்தால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று கூடையிலேயே போட்டோம்.

நேற்று வேலை முடிந்ததும் போனேன். "வந்துட்டியா? அக்காளுக்கு ஒரு காயிதம் எழுதணும்" என்றார். பாட்டிலில் பவுடரைக் கலந்து கொடுத்தேன். குடித்தார்.

ஈஸ்வரமூர்த்தி

●

தொண்டாமுத்தூர்,
12-12-1959

தம்பிகள் இருவருக்கும் அக்கா. சேவல் உட்பட அனைவரும் சுகம். ஈஸ்வரமூர்த்தி, சத்தமாகப் படியுங்கள். கோமளாவுக்கும் கேட்கட்டும்.

இந்த வாரம் முட்டை முப்பத்தைந்து. கரிக்கோடு போட்ட பதினாலு ஈஸ்வரமூர்த்தியுடையது. நாளைக்கு இரண்டு. கோடு போட்டதை என் தம்பி தொட்டால் அவன் கை நடுங்கும்படி நான் வந்து அடிப்பேன். ஏற்கெனவே நடுங்குகிற கை என்றால், நின்றுவிடும்படி அடிப்பேன்.

பவுடரும் இருக்கட்டும். நான் தோற்றேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கரண்டி அது, ஒரு கரண்டி நான் வறுத்து இடித்து அனுப்பியிருக்கிற கடலை மாவு. எது சதையைப் பிடித்தது என்று அப்புறம் சண்டை போட வசதியாக இருக்கும். பாட்டிலை இனி ஈஸ்வரமூர்த்தி குலுக்கக் கூடாது, கோபாலசாமி குலுக்கட்டும். குலுக்குவதற்கென்றே தயாராக இருக்கிற கையைச் சும்மா வைத்திருப்பானேன்? காலையில் நாலு படி அரிசி மூட்டை, மாலையில் ஐந்து படி, தூக்கி இறக்கட்டும். வாராவாரம் கூட்டு. கூடையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் இருக்கிறது. கண் எழுத்தைப் பார்க்காவிட்டால் பரவாயில்லை. கை தன் பேரை மறந்திருக்காது. தினமும் நூறு தடவை எழுது. பல்லி நசுங்கினாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒன்று. தை வந்தால் உங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் அந்த இடம். அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. படுத்துப் படுத்து யோசித்தும் தெரியவில்லை. ஈஸ்வரமூர்த்தி, நான் பொய் சொல்லமாட்டேன். என் தம்பி உள்ளே போக வேண்டும் என்றுதான் சாமியைக் கும்பிடுகிறேன். கும்பிட்டு முடித்ததும் உங்களை நினைத்துக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன். என்ன கேட்பதென்று தெரியாமல் வந்துவிடுகிறேன்.

ஓட்டை மறக்காமல் அனுப்பவும். இந்தத் தடவை நிஜமாகவே ரோஜாச் செடிக்குத்தான்.

பங்காரம்மா

●

சிங்காநல்லூர்
22-1-60

அக்கா

நானே எழுதறேன். ஈஸ்வரமூர்த்தி இல்லை. எழுத்து கோணலாக இருக்கும். ஒரு நாள் பூரா ஆச்சு இதை எழுத.

நேற்று டாக்டர் பார்த்தார். 107. மூட்டை தூக்கினேன். இறக்கும்போது கால் ஆடிச்சு. அவர் ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். பல்லி தான். ஆனால் என் பல்லி.

திங்கட்கிழமை வேலை.

இன்று காலை ஈஸ்வரமூர்த்தி முட்டை குடிக்க வந்தான். குடித்தான். சிரித்தான். நீ எழுதியதெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான், எனக்குக் கண் சரியானதும் தரேன் என்றான். அப்புறம் கேட்டுக்குப் போனான். வெளியே நிற்கிறான்.

எனக்கு இனி கூடை வேண்டாம். நான் தேறிவிட்டேன்.

முட்டையை நிறுத்தாதே.

கோபாலசாமி